ஆயுத பூஜைக்கு லீவில் போன வைரஸ்

ஒரு நாடு, நாட்டுக்குள் ஒரு மாவட்டம், மாவட்டத்துக்குள் ஓர் ஊர். அந்த ஊரில் ஆட்களைவிடக் கோழிகள் அதிகம், கோழிகளைவிட முட்டைகள் அதிகம், முட்டைகளைவிடப் பேச்சு அதிகம் என்று இருந்த ஒரு காலத்தில், வேலாங்காட்டுப்பாளையம் என்கிற அந்த ஊரின் கடைசிக் கோழிப்பண்ணைக்கும் அப்பால், சோளக்காட்டுக்கு நடுவே, மஞ்சள் வண்ணம் அடித்த ஓர் ஆய்வகம் இருந்தது. அந்த ஆய்வகத்தில் மோகனப்பிரியா என்று ஒரு பெண் ஆறு வருடமாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். கோழிக்கு வெள்ளைக்கழிச்சலைக் கொண்டுவரும் வைரஸில் சாதுவான ஒரு வகையை எடுத்து, கருவுற்ற முட்டைக்குள் ஊசியால் ஏற்றி, ஓட்டையை மெழுகால் அடைத்து, முட்டைக்குள்ளேயே பெருக்கி, வடித்து, அதைப் புற்றுநோயின் மேல் ஏவிவிடுகிற வேலை.

“கோழிச் சீக்க வெச்சு மனுசன் சீக்க எப்படிக் கண்ணு தீத்துவீங்க?” என்று அவளுடைய அம்மா ருக்குமணி மாதம் ஒரு தடவை கேட்பாள், மோகனாவும் மாதம் ஒரு தடவை சொல்வாள். இந்த வைரஸ் நல்ல செல்லுக்குள் நுழைந்தால் அந்தச் செல் உடனே கூச்சல் போட்டு விரட்டிவிடும், புற்றுநோய்ச் செல்லுக்கோ கூச்சல் போடத் தெரியாது, அதற்கு வளர மட்டும்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது, அதனால் வைரஸ் அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த செல்லைத் தேடிப் போகும் என்று சொல்வாள். “நிறுத்தத் தெரியாததுக்கு அப்படி ஒண்ணு வேணுந்தான்,” என்று ருக்குமணி ஒப்புக்கொள்வாள். அடுத்த மாதம் மறுபடியும் கேட்பாள்.

அந்த வருடம் மோகனாவிடம் இருபத்துநான்கு எலிகள் இருந்தன. ஒவ்வொன்றின் விலாவிலும் ஒரு கட்டி. கட்டி பதினைந்து மில்லிமீட்டரைத் தொட்டால் எலியை வலியில் விட்டுவைக்கக் கூடாது, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட வேண்டும் என்பது சட்டம். அவளுடைய உதவித்தொகையும் தீபாவளியோடு முடிகிறது. எலிகள் போனால் ஆராய்ச்சி போயிற்று, ஆறு வருடமும் போயிற்று, இன்னொரு தடவை என்பது கிடையாது. இது மோகனாவுக்குத் தெரியும், அவளுடைய பேராசிரியர் தணிகாசலத்துக்குத் தெரியும், எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மாராத்தாளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்ற விதியை மீறி இருபத்துநான்குக்கும் பெயர் வைத்திருந்தவள் அவள்தான்.

ஆயுத பூஜை வந்தது. ஆய்வகத்தைக் கழுவிவிட்டார்கள். மாராத்தாள் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்தாள், முட்டை அடைகாக்கும் பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள், உறைபெட்டிக்கு வைத்தாள், கட்டியை அளக்கும் காலிப்பருக்கு ரெண்டு முனையிலும் வைத்தாள், வைரஸ் இருந்த கண்ணாடிக் குடுவைக்கும் ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு, கருவிக்கெல்லாம் சொல்வதுபோல அதற்கும் சொன்னாள்: “இன்னைக்கு உனக்கு லீவு சாமி. முட்டைக்குள்ளயே அடைஞ்சு கெடந்த. போயிக் காலாற நடந்துட்டு வா.”

மறுநாள் விஜயதசமி. முந்தின நாள் ஓய்வெடுத்த கருவியை அன்று கையில் எடுத்து ஒரு தடவையாவது இயக்கிவிட வேண்டும், அதுதான் முறை. டிரைவர் ஜீப்பைக் கிளப்பி ஒரு சுற்றுச் சுற்றினார். எழுத்தர் பேனாவை எடுத்து ஒரு கையெழுத்துப் போட்டார். மோகனா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து எடுத்தாள். ஜெனரேட்டரைக்கூட யாரோ ஓடவிட்டு நிறுத்தினார்கள். வைரஸை மட்டும் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அதனால் அது வரவில்லை.

திங்கள்கிழமை மோகனா குடுவையில் இருந்ததை இருபத்துநான்கு எலிகளுக்கும் ஊசியில் ஏற்றினாள். எட்டு மில்லிமீட்டராக இருந்த கட்டிகள் நான்கே நாளில் பத்து ஆயின. சந்தேகம் வந்து, குடுவையில் மிச்சமிருந்த நீரில் கோழி ரத்தம் கலந்து, தொண்ணூற்றாறு குழி உள்ள சோதனைத் தட்டில் விட்டுப் பார்த்தாள். வைரஸ் இருந்தால் ரத்தம் குழிக்குள் பாய் விரித்ததுபோலப் பரவி நிற்கும். இல்லையென்றால் அடியில் இறங்கிவிடும். தொண்ணூற்றாறு குழியிலும் ரத்தம் அடியில் இறங்கி, தொண்ணூற்றாறு குங்குமப் பொட்டாக நின்றது.

“ஒண்ணுகூட இல்லீங்க சார்,” என்றாள் பேராசிரியரிடம்.

“எங்கம்மா போயிருக்கும்?” என்றார் தணிகாசலம்.

அது எங்கே போயிருந்தது என்று ஊருக்கு அன்று காலையிலேயே தெரிந்துவிட்டது. பஸ் நிலையத்துப் பக்கம் நல்லசிவம் வீட்டு மதில்சுவர் வருடத்துக்கு ஒரு சாணாகப் பதினெட்டு வருடம் ரோட்டுக்குள் நடந்து வந்திருந்தது. அந்த மதில், மேலே பதித்த கண்ணாடிச் சில்லோடும், கேட்டோடும், கேட்டின் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு சிமெண்ட் சிங்கங்களோடும் பின்னால் நடந்து, சர்வேக் கல் இருக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டது. அந்த வைரஸ் பட்ட ஆளுக்குச் சிவப்பதுபோல ஒரு கண் மட்டும் சிவந்து நீர் வடிய, நல்லசிவம் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பால் வாங்கப் போனவர்கள், “ஏனுங்க, மதிலு ஊட்டுக்குப் போயிருச்சாட்ட இருக்குதுங்க?” என்று கேட்டுவிட்டு, அகலமான ரோட்டில் சைக்கிளை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் பேரூராட்சித் தலைவர் சென்னிமலையப்பனுக்கு இரண்டு கண்ணும் சிவந்தன. அவர் நாற்பதடி உயரத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்ற பேனர் சுருங்கி, பாஸ்போர்ட் போட்டோ அளவில் கம்பத்தின் நடுவே ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்கடுத்த நாள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விடியும் முன்பே ஒருவருக்கொருவர் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பெருங்குடும்பத்தின் வாட்ஸ்அப் குழு கரைந்து, ‘சாப்பிட்டாச்சா?’ என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சியது. மோகனாவுக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேண்டும் என்று ருக்குமணி வருடா வருடம் சேர்த்து எழுதி மூன்று பக்கத்துக்கு வளர்த்திருந்த பட்டியலும், பீரோவுக்குள் இருந்தபடியே, ‘பையன்’ என்ற ஒரு சொல்லாகிவிட்டது. தணிகாசலத்தின் அறைக் கதவில் பட்டங்களும் பொறுப்புகளும் உறுப்பினர் பதவிகளுமாகத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த பலகையில் ‘தணிகாசலம், உள்ளே இருக்கிறார்’ என்று மட்டும் இருந்தது.

ஊர்க்கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குஞ்சாக இருக்கும்போதே அதே வைரஸைக் கண்ணில் சொட்டு மருந்தாக வாங்கிய கோழிகள் அவை. கூடப் படித்தவனைத் தெருவில் பார்த்ததுபோலத் தலையை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு மேயப் போய்விட்டன. ஊருக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. கோழி நன்றாக இருந்தால் வேலாங்காட்டுப்பாளையத்தில் மற்றதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடியதுதான்.

அப்படித்தான் பழகியும் போயிற்று. எதையோ அளவுக்கு மீறி வளர்த்தவனுக்கு முதலில் கண் சிவக்கும், பின்னாலேயே அவன் வளர்த்தது சுருங்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிட்டது. “அவிய ஊட்ல கண்ணு செவந்திருச்சாம், என்ன போவுதோ!” என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். கறுப்புக் கண்ணாடி விற்பவன் ஈரோட்டிலிருந்து மூட்டையாக வரவழைத்தான். கண்ணாடி போட்டவனிடம் எல்லோரும் கரிசனமாக, “என்னத்தப்பா அப்படி வளத்தி வெச்சிருந்த?” என்று விசாரித்தார்கள். காது குத்துக்கு ஆயிரம் பேரைக் கூப்பிட இருந்தவர், பத்திரிகை தானாகவே சுருங்குவதற்குள் தானே ஐம்பது பேராக்கிக்கொண்டு, வைரஸை ஏமாற்றிவிட்டதாகப் பெருமை பேசினார்; மறுநாள் அந்தப் பெருமையும் போயிற்று.

மோகனாவுக்கு மட்டும் எதுவும் பழகவில்லை. கட்டி பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று.

பன்னிரண்டு ஆன அன்று மாராத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். “அம்மணி, நாந்தான் அதுக்கு லீவு குடுத்தனுங்க. வேலைக்குக் கூப்புட மறந்துட்டமுங்க.”

“எனக்கும்தான்க்கா தோணலை,” என்றாள் மோகனா.

சூடம் கொளுத்தி, தாமதமாகவாவது விஜயதசமி செய்து பார்த்தார்கள். வரவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளரிடம் சொன்னபோது, அனுமதியின்றிப் பணிக்கு வராதிருந்தால் மெமோ கொடுக்கலாம், ஆனால் அதற்குப் பணிப்பதிவேடு இருக்கிறதா, இல்லையென்றால் எந்தப் பெயருக்கு அனுப்புவது என்று கேட்டார். பெயரில்லாமலேயே ஒரு மெமோ அடித்து அடைகாக்கும் பெட்டியின் மேல் ஒட்டினார்கள். மூன்று நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கட்டி பதிமூன்றரை ஆயிற்று.

மோகனா ஊரைக் கூட்டிக் கேட்பது என்று முடிவு செய்தாள். சமுதாயக் கூடத்தில் கூட்டம் நடந்தது. வரவேற்க எழுந்த சென்னிமலையப்பன் வழக்கம்போல முக்கால் மணி நேரத்துக்குத் தயாராக வந்திருந்தார். “பெருமதிப்புக்குரிய...” என்று ஆரம்பித்தார், கண் சிவந்தது, “எல்லாரும் உக்காருங்க,” என்று முடிந்துவிட்டது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவருக்குக் கை தட்டினார்கள்.

மோகனா எழுந்து எலிகளைப் பற்றிச் சொன்னாள். இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றாள். “அது எங்கே ரொம்பப் பெருசா வளந்திருக்குதோ அங்கதாங்க போகும். ஊர்ல பெருசு பெருசா இருக்கிறதால எலிக்கிட்ட வரமாட்டேங்குது. மிச்சம் இருக்கிறத நீங்களே கொறச்சுக்கிட்டா, அது திரும்பி வந்துரும்.”

கூடம் யோசித்தது. பிறகு நல்லசிவம் எழுந்தார். “அம்மணி, எலி பாவந்தாங்க. ஆனா என்ற மதிலு போயிருச்சு. எதுத்த ஊட்டுக்காரரு மாடிப்படிய ரோட்ல எறக்கி வெச்சிருக்கறாரு, அது இன்னும் அப்படியே நிக்குது. அதையும் முடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க.”

“எனக்கு முன்னால உங்க மச்சானுக்கு வரோணும்!” என்றார் எதிர்த்த வீட்டுக்காரர்.

“எங்க கொழுந்தனாருக்கு ஒரு தடவ வந்துட்டுப் போவட்டுமுங்க,” என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். ஆளாளுக்குத் தனக்குப் போனது போகட்டும் என்றார்கள், அடுத்தவனுக்குப் போகாதது போகட்டும் என்றார்கள், கூட்டம் அதோடு கலைந்தது.

ஊர்க்காரர்களை மட்டும் என்றால்கூட ஒரு வழி பண்ணியிருக்கலாம். செய்தி அதற்குள் வெளியே போய்விட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வர ஆரம்பித்தார்கள். தீராத வழக்குக் கட்டை டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள், மாமனார் மாமியாரின் கோபத்தை, மாமனார் மாமியாரோடேயே கூட்டிக்கொண்டு வந்தார்கள், முழங்கால் வரை வளர்ந்த மீசையோடு ஒருவர் வந்தார், எதுவும் கொண்டுவராதவர்கள் கொண்டுவந்தவர்களைப் பார்க்க வந்தார்கள். அவர்களைப் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். இளநீர்க் கடை வந்தது, பஜ்ஜிக் கடை வந்தது, ராட்டினம் வந்தது, ‘வைரஸ் நகர்’ என்று கல் நட்டு மனை விற்றார்கள். வியாழக்கிழமை காலை மோகனா தன் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஆய்வகத்துக்கு வர மூன்று மணி நேரம் ஆயிற்று. போய் அளந்தால், பதினாலு.

“நாளைக்குச் சாயங்காலம் அளக்கும்போது பதினஞ்சு இருக்கும்,” என்றாள். தூங்க வைக்கும் ஊசிமருந்து எத்தனை மில்லி வேண்டும் என்று கணக்குப் போட உட்கார்ந்தாள். போட முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு தெரியவில்லை, ஆட்கள்தான் தெரிந்தார்கள். காலையில் புளியமரத்தோடு நின்றிருந்த கூட்டம் இப்போது மரத்தைத் தாண்டியிருந்தது. மரத்தைத் தாண்டிப் பாலத்துக்குப் போயிருந்தது. பாலத்தில் இடமில்லாமல் வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்த காட்சிதான் அது, குடுவையின் அடி நிறைந்து, இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அப்போதும் நிறுத்தத் தெரியாமல் வளரும் செல்கள். மோகனா திரும்பி, “அக்கா,” என்றாள், “இந்த ஊர்லயே இப்ப ரொம்பப் பெருசு எது?”

மாராத்தாளும் வந்து பார்த்தாள். “இந்தக் கூட்டந்தானுங்க.”

“அப்ப வைரஸ் நாளைக்கு எங்க இருக்கும்?”

“கூட்டம் எங்கிருக்குதோ அங்க.” சொல்லிவிட்டு மாராத்தாள் வாயில் கை வைத்தாள். “அட ஆண்டவனே!”

மோகனா சென்னிமலையப்பனுக்கு போன் செய்து, கூட்டத்தை விரட்ட வேண்டாம், கூப்பிட வேண்டும் என்றாள். ஆட்டோவில் மைக் கட்டி நாள் முழுக்கச் சொன்னார்கள்: நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வக வளாகத்தில் வைரஸைக் காணலாம், குடும்பத்தோடு வருக.

தணிகாசலம் பதறிப்போனார். “நாப்பதாயிரம் பேரை ஆய்வகத்துக்குக் கூப்பிடறதா? நெறிமுறைக் குழுவுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?” பலகை சுருங்கியதிலிருந்து அவருக்குக் கோபமும் நீளமாக வருவதில்லை. “வாசல்ல தண்ணிப்பந்தல் போடச் சொல்லு,” என்று உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்த மாவட்டம் தன் சரித்திரத்தில் காணாத கூட்டம் வந்து நின்றது. மதில் மேல் நின்றார்கள், தண்ணீர்த் தொட்டி மேல் நின்றார்கள், ஜெனரேட்டர் மேல் நின்றார்கள், ஒருவர் தோளில் ஒருவர் நின்றார்கள். மாராத்தாள் எலிக்கூடத்தின் வலையடித்த ஜன்னலைத் திறந்து வைத்தாள். காலையில் கட்டி பதினாலரை இருந்தது.

பதினொரு மணி வரை ஒன்றும் இல்லை. பதினொன்றேகாலுக்குக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கண் சிவக்க ஆரம்பித்தது. கதிர்க்காட்டில் காற்று போவதுபோல அது கேட்டிலிருந்து புளியமரத்துக்கும், புளியமரத்திலிருந்து பாலத்துக்கும் போயிற்று, நாற்பதாயிரம் பேரும் கண்ணைக் கசக்கினார்கள். கசக்கிவிட்டு நிமிர்ந்தபோது முதல் வரிசையில் ஒருத்தி, “அய்யோ, அடுப்புல பாலு,” என்று திரும்பி நடந்தாள். பக்கத்தில் நின்றவருக்கு எருமைக்குத் தண்ணி காட்டாதது நினைவு வந்தது. டிரங்குப் பெட்டிக்காரர் எதிராளியோடு ஒரே வேனில் ஏறினார். மாமனாரும் மாமியாரும் மருமகளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக்கொடுத்தார்கள். பஜ்ஜிக் கடை அணைந்தது, ராட்டினம் கழற்றப்பட்டது, மனை விற்றவன் கல்லைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனான். பத்தாயிரம் பேர் போனார்கள், இன்னும் பத்தாயிரம் பேர் போனார்கள். ஒருவரும் எதற்கு வந்தோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. சென்னிமலையப்பன் மைக்கின் முன்னால் வந்து, “நன்றி,” என்றார், மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவரும் போனார்.

மூன்று மணிக்கு வளாகத்தில் செருப்புகள்தான் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரே ஓர் ஆள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

“அம்மா!” என்று ஓடி வந்தாள் மோகனா. “நீ எதுக்கும்மா நிக்கற? எல்லாரும் போயிட்டாங்க பாரு. நீ நின்னா அது உங்கிட்டயே நிக்கும்.”

“நின்னா நிக்கட்டும்,” என்றாள் ருக்குமணி. இரண்டு கண்ணும் அவளுக்குச் சிவந்திருந்தன. மோகனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு வெளுத்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடி சிவந்தது, மறுபடியும் வெளுத்தது. வைரஸ் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்து எதையோ தேடிப் பார்த்து, கரைக்க ஒன்றும் அகப்படாமல், ஒவ்வொரு தடவையும் விரட்டுப்பட்டுத் திரும்புகிற மாதிரி இருந்தது. “காலைல வெறும் வயித்தோட வந்துட்ட. நீ திங்கறதப் பாக்காம என்னால போவ முடியாது. நானென்ன வேடிக்கையா பாக்க வந்தேன்?”

கையில் தூக்குப்போசி இருந்தது. அரிசிம்பருப்புச் சாதம். நின்றபடியே வாங்கி, நின்றபடியே மோகனா தின்றாள்.

“மென்னு தின்னு.”

உள்ளே ஜன்னல் பக்கம் மாராத்தாள் காலிப்பரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். முதல் எலியை அளந்தாள். மறுபடி அளந்தாள். பிறகு அதன் பெயரைச் சொல்லாமல் நம்பரைச் சொல்லிக் கத்தினாள்: “அம்மணி! ஒண்ணாம் நம்பரு... பதினாலு! காலைல பதினாலரைங்க, இப்ப பதினாலுங்க!” கொஞ்ச நேரத்தில், “ரெண்டாம் நம்பரு பதிமூணே முக்காலுங்க!”

மோகனா வாயில் சோற்றோடு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“அதென்ன கண்ணு நம்பரு,” என்றாள் ருக்குமணி. “ஏறுனா நல்லதா, எறங்குனா நல்லதா?”

“எறங்குனா நல்லதும்மா.”

“அப்பச் செரி.” ருக்குமணி போசியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள், வழித்துத் தின்றிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டாள், மூடியைப் போட்டு இறுக்கினாள். பிறகு கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு, யாருமில்லாத அந்த அகலமான ரோட்டில், திரும்பிப் பார்க்காமல், வீட்டுக்கு நடந்தாள்.